47-ஆம் நாள்

1986-இல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்று ஐயா மானகிரிக்குத் திரும்பியபோது அவரோடு வந்து இறங்கிய சாமான்கள் குறைவு. ஒரு தகர டிரங்குப் பெட்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு, ஸ்லைடு ரூல், தோல் உறை போட்ட அளவு டேப், கைக்கு அடக்கமான ஒரு சுத்தியல், நூல் போட்டுக் கட்டிய நோட்டுகள். பரீட்சை லீவுக்கு வந்திருந்த பேரன் பேத்திகள் பெட்டியைச் சுற்றி நின்றோம். எனக்கு அப்போது எட்டு வயது. சுத்தியலை என் கையில் கொடுத்து, வளவில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல்லை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வரச் சொன்னார். முதல் வரிசை முழுக்க ஒரே சத்தம். மூன்றாவது வரிசையில் ஒரு கல் மட்டும் வேறு மாதிரி ஒலித்தது. பார்வைக்கு மற்ற கற்களைப் போலத்தான் இருந்தது, பூவேலை கூட மங்கவில்லை. கொத்தனாரை வரவழைத்துப் பெயர்த்துப் பார்த்தால், அடியில் எறும்பு மண்ணை அள்ளிக் குழியாக்கி வைத்திருந்தது. "கண்ணு ஏமாந்துபோகும் ஆத்தா, காது லேசுல ஏமாறாது" என்றார்.

ஐயா என் அப்பச்சியை, அதாவது அப்பாவை, பெற்றவர். அவருடைய அப்பச்சி பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். 1930-களின் முடிவில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு வயல்கள் நம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தன என்று சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், எல்லாம் போயிற்று. எங்கள் வீட்டில் மிஞ்சியது முன்பே வந்து சேர்ந்து தூணாகவும் உத்தரமாகவும் நின்றுவிட்ட தேக்கும், கணக்குப் புத்தகங்களும்தான். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, இனி ஊர் கிடையாது என்று ஆன பிறகு, பிள்ளையைக் கிண்டிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார்கள். 1950-இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வேயில் ஐயா சேர்ந்தார். அடுத்த ஏப்ரலில் அது தெற்கு ரயில்வே ஆயிற்று.

அவர் பார்த்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே பல வருடம் யாருக்கும் அது சரியாகப் புரியவில்லை. என்ஜினீயர் என்றால் எதையாவது கட்டியிருக்க வேண்டும். "உங்க ஐயா எந்த அணையைக் கட்டினாக, எந்தப் பாலத்தைக் கட்டினாக?" என்று கேட்பார்கள். அவர் பேர் சொல்லும்படி எதையும் கட்டவில்லை. ஏற்கெனவே கட்டி வைத்திருந்ததை விழாமல் பார்த்துக்கொண்டார். அந்த வேலையின் பெரும்பகுதி கழிந்தது பாம்பன் ரயில் பாலத்தில்.

1914 பிப்ரவரி 24-இல் திறந்த பாலம் அது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான நீளம். கப்பல் போக வழிவிடுவதற்காக நடுவில் இரண்டு கைகளாகப் பிரிந்து மேலெழும் தூக்குப் பாலம், சிகாகோவின் ஷெர்சர் கம்பெனி வடிவமைப்பு. மோட்டார் கிடையாது. ஆட்கள் இரு பக்கமும் நின்று நெம்புகோலைத் தள்ளிச் சுற்றினால்தான் திறக்கும். உப்புக்காற்று ஓயாமல் அடிக்கிற இடம். இரும்பு மிக வேகமாக அரிக்கப்படும் கடற்பகுதிகளில் ஃபுளோரிடாவுக்கு அடுத்தது பாம்பன் என்று ரயில்வேக்காரர்கள் சொல்வார்கள். அங்கே ஒரு பாலத்தை நிறுத்தி வைப்பது என்றால் தினமும் துருவோடு சண்டை.

சண்டை எப்படி நடக்கும் என்று ஐயா எங்களுக்குத் திண்ணையில் உட்காரவைத்துச் செய்து காட்டுவார். ரிவெட்டின் தலையில் ஒரு பக்கம் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் லேசாகத் தட்ட வேண்டும். இறுகியிருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. தளர்ந்திருந்தால் சின்னதாக ஒரு நடுக்கம் வரும். சுண்ணாம்புக் கட்டியால் அதற்கு ஒரு வட்டம். கர்டரில் துரு கண்ட இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து வெறும் இரும்பு தெரியவைத்து, சிவப்பு ஈயப் பூச்சு பூசி, காய்ந்ததும் அலுமினியப் பெயின்ட். அவசரப்பட்டு ஈரக்காற்றில் பூசினால் உள்ளே துரு வளரும். "அது காய்ச்சக்காரனுக்குப் புதுச் சட்டை போட்டுவிடுற மாதிரி" என்பார். பெயின்ட் வேலை பார்ப்பவர்களின் கைகளைத்தான் தினமும் முதலில் பார்ப்பாராம். முந்தின நாள் உண்மையாகச் சுரண்டியிருக்கிறார்களா என்பது கையில் தெரிந்துவிடும்.

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைத் தமிழ்நாட்டில் அறியாதவர் குறைவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலுக்குள் விழுந்தன. தூக்குப் பாலம் மட்டும் தப்பியது. சீர்செய்ய ஆறு மாதம் என்று முதலில் கெடு வைத்தார்கள், பொது மேலாளர் அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பை ஏற்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்தார். கடலடியில் கிடந்த கர்டர்களைத் தூக்கி எடுத்து, மறுபடி தூண்களின் மேல் ஏற்றி வைத்தார்கள். அந்த இளைஞர்தான் பின்னாளில் கொங்கண் ரயில் பாதையையும் டெல்லி மெட்ரோவையும் கொடுத்த இ. ஸ்ரீதரன். ஐயாவுக்கு அவர்மேல் இருந்த மதிப்புக்கு அளவில்லை. பேப்பரில் அவர் படம் வந்தால் கத்தரித்து நோட்டில் ஒட்டுவார்.

அந்த 46 நாளும் ஐயாவும் அங்கேதான் இருந்தார். பேரப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான். கர்டரை எப்படித் தூக்கினீர்கள், கடல் எப்படி இருந்தது, பயமாக இருந்ததா. எல்லாம் சொல்வார். ஆனால் ஒரு தடவை, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, கதையை முடித்துவிட்டுக் கேட்டார்: "46 நாளைப் பத்தி ஊரே கேக்குது. 47-ஆம் நாள் என்ன செஞ்சீகன்னு ஒருத்தரும் கேக்கலையே ஆத்தா?"

நான் கேட்டேன்.

"விடியக்காலமே சுத்தியலை எடுத்துக்கிட்டு மண்டபம் பக்கத்துலேர்ந்து நடக்க ஆரம்பிச்சோம். புதுசா உக்காரவச்ச கர்டர் ஒவ்வொண்ணையும் தட்டிப் பார்த்தோம். அன்னைலேர்ந்து நான் ரிட்டையர் ஆகுற வரைக்கும் யாராவது ஒருத்தர் நடந்துக்கிட்டேதான் இருந்தோம்."

தனுஷ்கோடிக்கு ரயில் மறுபடி போகவே இல்லை. அந்த ராத்திரியைப் பற்றி அவர் தானாகப் பேச மாட்டார். மார்கழி மாதம் அந்தத் தேதியில் இரவுச் சாப்பாடு சாப்பிட மாட்டார். அப்பத்தாவும் கேட்காமல் ஒரு டம்ளர் பால் மட்டும் வைத்துவிடுவார்கள். வண்டியில் போனவர்களில் அவருக்குத் தெரிந்த ரயில்வேக்காரர்கள் இருந்தார்கள் என்பது அவர் காலமான பிறகு, நோட்டைப் புரட்டும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஓய்வு பெற்றவர் மானகிரியில் என்ன செய்வார்? காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கம் போகிற சாலையில் எங்கள் ஊர். அப்போது அந்தச் சாலையில் எதிரே லாரி வந்தால் பஸ் ஓரம் கட்டி நிற்கும். ஊருக்குள் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அவரோடு படித்தவர்கள் மெட்ராஸில் வீடு கட்டிக்கொண்டு, கல்யாணம் காட்சிக்கு மட்டும் வந்து போனார்கள். ஐயா வந்த முதல் வாரத்தில் வீட்டைச் சுற்றி நடந்தார். அதை அவர் அப்பச்சி வாழ்ந்த வீடாகப் பார்க்கவில்லை, புதிதாகப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ஒரு பாலமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஒரு புது நோட்டு போட்டார். முகப்பு, வளவு, இரட்டை அறைகள், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று தலைப்பு போட்டு, எந்த உத்தரம், எந்தத் தூண், எந்த ஓட்டு வரிசை என்று எண் கொடுத்து, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதினார்.

அந்த நோட்டில் அவருக்கே ஆச்சரியம் தந்த பக்கங்கள் உண்டு. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் வளவு முற்றத்துக்கு ஒரு சரிவு, முற்றத்திலிருந்து தெருவுக்கு ஒரு சரிவு, தெருவிலிருந்து ஊருணிக்கு ஒரு சரிவு. நாலு பக்கக் கூரையும் முற்றத்தை நோக்கி இறங்குகிறது. மழை பெய்தால் வேண்டியதை அண்டாவில் பிடித்துக்கொள்ளலாம், மிச்சம் தானாக நடந்து ஊருணிக்குப் போய்விடும். மேடு பள்ளமே தெரியாத பொட்டலில் யாரோ இதை லெவல் எடுத்திருக்கிறார்கள். "கிண்டியில நாலு வருஷம் படிச்சேன். இதைப் போட்ட கொத்தன் எங்க படிச்சான்னு தெரியலை. அவன்கிட்ட நான் வேலை பழகியிருக்கணும்" என்று அப்பத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

சுவர்ப் பூச்சையும் அப்படித்தான் படித்தார். சுண்ணாம்பைப் புளிக்கவைத்து, கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்து, பல பூச்சு பூசி, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றிய சுவர். வெயிலில் குளுகுளுவென்று இருக்கும். ஒரு இடத்தில் காரை பெயர்ந்தபோது சித்தப்பா சிமென்ட் வைத்துப் பூசிவிடலாம் என்றார். ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும், பக்கத்தில் இருக்கிற நல்ல காரையும் சேர்ந்து உப்பிப் பெயரும். ஊர் ஊராக விசாரித்து, அந்த வேலை தெரிந்த ஒரு வயதான கொத்தனாரைக் கூட்டி வந்தார். அவருக்குக் கடுக்காய் இடித்துக் கொடுத்தது நானும் என் அண்ணனும். கை இரண்டு நாள் கறுத்துக் கிடந்தது.

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் கூரை வேலை. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றி முடித்தாக வேண்டும். எங்கள் பக்கம் ஓட்டுக்கு எதிரி மயில். குன்றக்குடி மலையைச் சுற்றி மயில் அதிகம். அது வந்து உட்கார்ந்து எழுந்தாலே நாட்டு ஓடு நகர்ந்துவிடும். நகர்ந்த ஓட்டின் வழியாக ஒரு பருவம் தண்ணீர் இறங்கினால் அடியில் இருக்கும் சட்டம் கறுக்கும், இரண்டாவது பருவம் மெத்தென்று ஆகும், மூன்றாவது பருவம் கை வைத்தால் உதிரும். பர்மாத் தேக்கானாலும் கதை அதுதான். ஓட்டுக்காரரோடு அறுபது வயதில் ஏணி ஏறி, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, உடைந்ததை எடுத்துப் போடுவார். அப்பத்தா கீழே நின்றுகொண்டு, இறங்கும் வரை வேறு வேலை பார்க்க மாட்டார்கள்.

விடிகாலையில் ஊருணிப் பக்கம் ஒரு நடை. சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டு மழை 900 மில்லிமீட்டர் அளவுதான். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்தால்தான் மிச்ச மாதங்கள். ஊருணியைப் பார்ப்பதற்கு எல்லாரும் வருவார்கள், படித்துறையில் உட்கார்ந்து பேசுவார்கள். ஐயா பார்க்கப் போனது ஊருணியை விட அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை. எங்கே சீமைக்கருவை முளைத்திருக்கிறது, எங்கே வேலி போட்டுக் குறுக்கியிருக்கிறார்கள், எந்தக் குறுக்குப் பாலத்தின் அடியில் மண் அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுவார். கோயில் கும்பாபிஷேகத்துக்கு மனமுவந்து கொடுக்கிற நம் ஆட்கள், வரத்துக்கால் தூர் வாரக் கேட்டால் யோசிப்பார்கள். ஒவ்வொரு வருடமும் கேட்டார். பென்ஷனில் பாதி அதற்குப் போயிற்று என்று அப்பத்தா குறைப்பட்டுக்கொண்டதுண்டு.

செக்ரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்தது. கடல் கடந்து சம்பாதித்த பணம் ஒரு சோதனைக்கூடமாக மாறி நம் மண்ணில் நிற்கிறது என்பதில் ஐயாவுக்குத் தாங்காத பெருமை. மண்டபத்தில் அவர்களுடைய அரிமான ஆய்வு மையம் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் மாட்டி வைத்து எவ்வளவு சீக்கிரம் அரிக்கிறது என்று அளப்பார்கள். காரைக்குடி நிலையத்தில் பொதுமக்களை உள்ளே விடுகிற நாளில் எங்களை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப் போவார். அங்கே ஒரு மேசையில் கண்ணாடிக் குவளைகளில் ஆணிகள். வெறும் தண்ணீரில் ஒன்று, உப்புத் தண்ணீரில் ஒன்று, துத்தநாகத் துண்டோடு கட்டி உப்புத் தண்ணீரில் ஒன்று. மூன்றாவது ஆணி பளபளவென்று இருந்தது. துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது என்று விளக்கிய இளம் விஞ்ஞானியின் கையைப் பிடித்துக்கொண்டு ஐயா வெகுநேரம் பேசினார். தான் முப்பது வருடம் பிரஷ்ஷும் கையுமாகச் செய்ததற்குக் காரணம் சொல்லக்கூடிய ஒருவரைக் கண்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

பிள்ளையார்பட்டியில் பிறந்து, அழகப்பா கல்லூரியில் படித்த கணபதி ஸ்தபதி கன்னியாகுமரியில் 133 அடி உயர வள்ளுவர் சிலையை எழுப்பி, அது 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்டபோது, ஐயா டிவி முன்னால் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். 2004 சுனாமியில் அலை சிலையின் பீடத்தைத் தாண்டி எழும்பியும் அசையவில்லை என்று கேட்டு அடைந்த மகிழ்ச்சி பெரிது. அந்தச் சிலைக்கு நாலு வருடத்துக்கு ஒரு தடவை உப்பை எடுத்து ரசாயனப் பூச்சு பூசுகிறார்கள் என்பதையும் எங்கேயோ படித்துவிட்டு, "அதை விட்டுடாமச் செய்யணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

2007 ஆகஸ்டில் பாம்பன் பாலம் அகலப் பாதையாகித் திறந்தது. பழைய தூண்கள், அதே ஷெர்சர் தூக்கு, மேலே புதுத் தண்டவாளம். ஐயாவுக்கு எழுபத்தொன்பது வயது. காரைக்குடியில் ஏற்றி, ராமேஸ்வரம் கூட்டிப் போனோம். பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். அக்கரை போனதும் "நல்லா வச்சிருக்காக" என்றார். அடுத்த ஆண்டு தை மாதம் காலமானார்.

இப்போதைய நிலைமைக்கு வருகிறேன்.

2018 டிசம்பரில் அந்தத் தூக்குப் பாலத்தில் விரிசல் கண்டு ரயிலை நிறுத்தினார்கள். பிறகு பாலத்தில் சென்சார்கள் பொருத்தினார்கள். அதிர்வு அளவு மீறினால் உடனே தெரிந்துவிடும். 2022 டிசம்பரில் ரயில் முற்றிலும் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்தாயிற்று. 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி இரண்டாகப் பிரியாமல் அப்படியே நேர்குத்தாக 17 மீட்டர் மேலே எழும்புகிறது. ஐயா காலத்தில் ஆட்கள் நெம்புகோலைச் சுற்ற அரை மணிக்கு மேல் எடுத்தது, இன்று மின்மோட்டார் சில நிமிடத்தில் முடித்துவிடுகிறது. கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, மேலே கடற்காற்றைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சு. ஊர்ந்து போன இடத்தில் ரயில் வேகமாகப் போகிறது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை விடாத கட்டுப்பாடு மட்டும் பழைய பாலத்திலிருந்து வந்தது.

நான் என் மகளோடு அதில் போனேன். பழையதை நினைத்து ஏங்குவேன் என்று எதிர்பார்த்துத்தான் ஏறினேன். ஆனால் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. வெயிலிலும் உப்பிலும் இரண்டு கிலோமீட்டர் நடந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் ஒரு மனிதருக்கு இனிக் குறைவு. ஐயாவின் விரல் உணர்ந்ததை ஒரு கருவி இராப்பகலாக உணர்கிறது. அதற்குக் காய்ச்சல் வராது, கண் அயராது. அதேசமயம், திறப்பதற்குச் சில மாதம் முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை துருவைப் பற்றி எச்சரித்திருந்ததையும் நான் படித்திருந்தேன். புதுப் பாலத்துக்கும் 47-ஆம் நாள் வந்துவிட்டது. அதைக் கவனிக்கப் பட்டியல் உண்டு, பணம் உண்டு, பொறுப்பான அதிகாரி உண்டு. கடலுக்கு நடுவில் நிற்கிற இரும்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

கவலை மானகிரியைப் பற்றி. மேலூரிலிருந்து வருகிற சாலை நாலு வழியாகிவிட்டது. நெஞ்சுவலி என்றால் மதுரைக்கு ஓடிய காலம் போய், ஊர் எல்லையிலேயே பெரிய ஆஸ்பத்திரி நிற்கிறது. அப்பத்தாவின் கடைசி வருடங்கள் அதனால் நிம்மதியாகக் கழிந்தன, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். காரைக்குடி மாநகராட்சியாகிவிட்டது. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து நம் முற்றத்தைப் படம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டுகிறவர், மழைநீர் சேமிப்பை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தார்கள் என்று சொல்கிறார். அவர் நின்று சொல்கிற தெருவில், வாசல் வாசலாக இருபது லிட்டர் தண்ணீர் கேன் இறங்குகிறது.

வரத்துக்கால் எங்கே இருந்தது என்று சொல்ல இப்போது ஊரில் நாலைந்து பேர்தான் இருக்கிறார்கள். ஐயாவின் நோட்டில் அதன் வரைபடம் இருக்கிறது. அடிக்கணக்கில் தூரம் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று குறித்து, மையில் வரைந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஓரிடத்தில் மேலே சாலை, ஓரிடத்தில் காம்பவுண்டுச் சுவர், மிச்சம் முழுக்க சீமைக்கருவை. மழை அதேதான் பெய்கிறது. தண்ணீர் வேறு பக்கம் போய்விடுகிறது.

வீடுகளின் கதையும் இதுவே. ஓடு நகர்ந்த வீட்டைப் பார்க்க ஆளில்லை. மூன்று பருவம் கழித்து உத்தரம் இறங்குகிறது. இறங்கிய பிறகு பிரித்து விற்கிறார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் பார்க்கலாம், தூணும் நிலையும் பெல்ஜியம் கண்ணாடியும் விலைச்சீட்டோடு வரிசையாக நிற்கின்றன. வாங்கிப் போகிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர்களாவது துடைத்து வைப்பார்கள். வீட்டை விற்றவர்கள் மேலும் கோபமில்லை. ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்கு. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டல்லாஸில், ஒருவர் சென்னையில் மூட்டுவலியோடு. எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு சட்டம் மாற்ற முடியும். அந்தக் காலத்தில் பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே முற்றத்தில் மழை பார்த்தார்கள், ஒழுகினால் எல்லார் தலையிலும் ஒழுகியது. இப்போது யார் தலையிலும் ஒழுகுவதில்லை. பாலத்தைத் தட்டிப் பார்த்த மனிதரின் இடத்துக்குக் கருவி வந்தது. ஓட்டைத் தட்டிப் பார்த்தவரின் இடத்துக்கு எதுவும் வரவில்லை என்பதுதான் எனக்குத் தெரிகிற வித்தியாசம்.

சென்ற முறை முன்னோர் படைப்புக்குப் பங்காளிகள் கூடியபோது நான் ஐயாவின் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இதில் புள்ளி கிடையாது, பேச்சு மட்டும் உண்டு என்று ஒரு பெரியவர் சொன்னார். பேச்சு போதும் என்று உட்கார்ந்தேன். வாசித்துக் காட்டினேன்: மேற்குக் கூரை, ஏழாவது வரிசை, இத்தனை ஓடு, இந்தச் சட்டம், இந்த வருடம் மாற்றியது. அவரவர் அப்பச்சி பேரும் அவர் கொடுத்த தொகையும் அதில் இருந்தன. வாசிக்க வாசிக்க அறை அமைதியானது. டல்லாஸிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்த சின்ன ஐயா மகன், மொத்தக் கூரைக்கும் மேலே இரும்பு ஷீட் போட்டுவிட்டால் இருபது வருடம் கவலையில்லை என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஷீட்டின் அடியில் காற்றோட்டம் அடைபட்டு வெக்கை தங்கும், மழைத் தண்ணீர் முற்றத்துக்கு வராமல் வெளியே கொட்டும், அடியில் சட்டம் உளுத்தால் மேலிருந்து யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் சொல்லி வாதாட ஒரு பகல் ஆயிற்று. முதலில் ஒரு பருவத்துக்கு மட்டும் ஓடு மாற்றிப் பார்ப்பது, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வருடா வருடம் வசூலிப்பது, ஊரில் இருக்கிற ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து மாதம் ஒருமுறை கூரையேறிப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது என்று முடிவாயிற்று.

அந்த ஒருவர் கிடைத்துவிட்டார். ஐயா காலத்து ஓட்டுக்காரரின் பேரன், காரைக்குடியில் ஐ.டி.ஐ. படித்த பையன். பழைய நாட்டு ஓடு இப்போது புதிதாக வாங்கக் கிடைப்பது அரிது, பிரிக்கிற வீடுகளிலிருந்து மூவாயிரம் ஓடு பேசி வைத்திருக்கிறான். மேற்குக் கூரையை ஆவணியில் பிரிக்கிறோம். வரத்துக்காலுக்கு ஊராட்சியில் மனுக் கொடுத்திருக்கிறேன், வரைபடத்தின் நகலையும் சேர்த்து. அடுத்த கிராமசபையில் அதை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், நான் போகிறேன்.